ஜேனெட்: தாராவி அச்சகத்தில் ஒரு சிறிய லிஸ்ப்

பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து வைத்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியவர்கள், அதிலும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் ஒரே கூரையின் கீழ் ஓடும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள், ஜேனெட் என்ற நிரல்மொழியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆயத்த நூலகங்கள் ஏராளமாக வேண்டும் என்பவர்கள் பைத்தானிலேயே இருந்துவிடுவது நல்லது. என் தீர்ப்பு இதுதான். காரணங்களை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மொழியைப் பற்றித் தமிழில் எழுதியவர் யாரும் என் கண்ணில் படவில்லை.

மும்பை தாராவியில், 90 அடி சாலையை ஒட்டிய ஓர் அச்சகத்தின் கணினி வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், அம்மன் கோவில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, ஊர்ச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல் என்று எங்களுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி தமிழ்தான். தட்டச்சு செய்யும் கணினிகளில் விண்டோஸ் இருக்கிறது. அட்டை வடிவமைப்பது மேக்கில். கோப்புகளைச் சேமிக்கும் சர்வரில் லினக்ஸ். சயானிலிருந்தும் செம்பூரிலிருந்தும் பழைய வாடிக்கையாளர்கள் வருவார்கள். "அக்கா கல்யாணத்திற்கு அடித்த அதே வாசகம் போதும், பெயர்களை மட்டும் மாற்றுங்கள்" என்பார்கள். அந்தக் கோப்பு சர்வரில் இருக்கும். ஆனால் அது யூனிகோடுக்கு முந்தைய காலத்துக் கோப்பு.

அந்தக் காலத்தில் எழுத்துரு விற்ற ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டேப், டேம் என்ற இரண்டு முறைகளைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. இணையத்தில் புழங்கியவர்களிடம் டிஸ்கி என்ற இன்னொரு முறை பரவியிருந்தது. 2010இல்தான் அரசு யூனிகோடுக்கு வந்தது. எங்கள் சர்வரில் இவை எல்லாமே கலந்து கிடக்கின்றன. மாற்றித் தரும் மென்பொருள்கள் இல்லாமல் இல்லை. ஆனால் எங்களுடைய பழைய எழுத்துரு ஒன்றை அவற்றில் எதுவும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. நானே எழுதத்தான் வேண்டியிருந்தது.

எதில் எழுதுவது? விண்டோஸுக்கு, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பு, மற்ற இரண்டுக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் என்று வைத்துக்கொண்டால், ஒன்றில் செய்த திருத்தம் இன்னொன்றுக்குப் போய்ச் சேருவதே இல்லை. மற்ற இரண்டும் கூட ஒன்றல்ல. மேக்குடன் வரும் பேஷ் என்ற ஷெல் இன்னும் 3.2ஆம் பதிப்பிலேயே நிற்கிறது. உரையைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையில் கோப்பை அதே இடத்தில் திருத்தும் விருப்பத்தை மேக் ஒரு விதமாகவும் லினக்ஸ் வேறு விதமாகவும் எதிர்பார்க்கிறது. பைத்தான் நல்ல மொழி. ஆனால் விண்டோஸில் அதைத் தனியாக நிறுவ வேண்டும். மேக்கில் கூடவே வந்த பழைய பைத்தானையும் 2022இல் மேக்ஓஎஸ் 12.3ஆம் பதிப்போடு எடுத்துவிட்டார்கள். எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு என்று கணக்கு வைத்துக்கொள்வதே தனி வேலையாகிவிடுகிறது.

ஜேனெட்டில் இந்தத் தலைவலி இல்லை. கால்வின் ரோஸ் என்பவர் உருவாக்கிய மொழி இது. 1.0 பதிப்பு 2019இல் வந்தது. எம்ஐடி உரிமம் என்பதால் கடையில் பயன்படுத்தவும் திருத்தவும் தடையில்லை, காசும் இல்லை. முழுக்க சி மொழியில் எழுதப்பட்டது. கம்பைலர், மெய்நிகர் இயந்திரம், அடிப்படை நூலகம் எல்லாம் சேர்த்து ஒரு மெகாபைட்டுக்குள் அடங்குகிறது. விண்டோஸுக்கு ஆயத்த நிறுவி கிடைக்கிறது. மேக்கில் ஹோம்பிரூ என்ற நிறுவல் கருவி வழியாக ஒரே கட்டளை. லினக்ஸில் மூலநிரலை இறக்கி, அதைக் கம்பைல் செய்யும் கட்டளை கொடுத்தேன், தேநீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. மூன்றிலும் ஒரே பதிப்பை வைத்துக்கொண்டு, ஸ்கிரிப்டுகளைச் சர்வரின் பொதுக் கோப்புறையில் போட்டு, ஜேனெட் தன் நூலகங்களைத் தேடும் பாதையை அந்தக் கோப்புறைக்குத் திருப்பிவிட்டேன். இப்போது ஓரிடத்தில் திருத்தினால் எல்லாக் கணினியிலும் திருந்துகிறது.

ஜேனெட் லிஸ்ப் குடும்பத்து மொழி. லிஸ்ப் என்றதும், நிரல் முழுவதும் நிறைந்திருக்கும் அடைப்புக்குறிகளை நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். ஜான் மெக்கார்த்தி 1958இல் தொடங்கி வைத்த பரம்பரை இது. ஜேனெட் அந்தப் பரம்பரையின் இலக்கணத்தைக் காப்பாற்றிக்கொண்டு, உள்ளே இருக்கும் சரக்கை மாற்றியிருக்கிறது. பழைய லிஸ்புகளின் அடித்தளமான இணைப்புப் பட்டியல் இதில் இல்லை. அதற்குப் பதிலாக வரிசைகளும் அட்டவணைகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மாற்றக்கூடிய வடிவம், மாற்ற முடியாத வடிவம் என்று இரண்டு உண்டு. முன்னால் ஒரு குறி போட்டால் மாற்றலாம், போடாவிட்டால் முடியாது. குறியீட்டு அட்டவணை போன்ற, நடுவில் யாரும் கைவைக்கக் கூடாத தரவுக்கு இந்தப் பிரிவு எவ்வளவு நிம்மதி தருகிறது என்பதைப் பயன்படுத்தித்தான் பார்க்க வேண்டும். லிஸ்ப் தூய்மைவாதிகள் இதை லிஸ்ப் என்றே ஏற்பதில்லை. அந்த வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. நிரலை எழுதித் தரும் நிரலான மேக்ரோவை எழுத முடிகிறது, ரெப்பிள் என்ற உரையாடல் திரையில் ஒரு வரியைத் தட்டி உடனே விடை பார்க்க முடிகிறது. எனக்கு அது போதும்.

இனி இந்த மொழியின் உயிர்நாடிக்கு வருகிறேன். உரையில் வடிவங்களைத் தேடப் பல மொழிகள் வைத்திருக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஜேனெட்டின் மையத்தில் கிடையாது. அந்த இடத்தில், உரையின் அமைப்பை விதிகளாக எழுதும் பெக் (PEG) எனப்படும் இலக்கண முறை இருக்கிறது. பிரையன் ஃபோர்டு 2004இல் முன்வைத்த முறை இது. லுவா மொழியில் எல்பெக் என்ற பெயரில் புகழ்பெற்றது, அங்கிருந்துதான் ஜேனெட்டும் கற்றுக்கொண்டது. பழைய தமிழ்க் குறியீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன. 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடு ஒலியின் வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி. ஆகவே வெறுமனே ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று மாற்றினால் ஆகாது, இடம் மாற்ற வேண்டும். வழக்கமாக இதை வரிசையாகத் தேடி மாற்றும் கட்டளைகளால் செய்வார்கள். முதலில் 'கொ', 'கோ' வகையை மாற்று, பிறகு 'கெ', 'கே', 'கை' வகையை மாற்று, பிறகு மிச்சத்தை மாற்று. வரிசை தப்பினால் எல்லாம் குழம்பும். ஏற்கெனவே மாற்றியதை அடுத்த கட்டளை மறுபடி மாற்றிவிடும் ஆபத்தும் உண்டு. பெக்கில் அப்படி இல்லை. "ஓர் எழுத்து என்பது கொம்பு, மெய், கால், அல்லது கொம்பு, மெய், அல்லது மெய், குறி, அல்லது உயிர்" என்று தமிழ் எழுத்தின் கட்டமைப்பையே விதியாக எழுதிவிடலாம். கோப்பின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டம். ஒவ்வோர் எழுத்தையும் ஒருமுறைதான் மாற்றும். முதல் தெரிவு பொருந்தாவிட்டால்தான் அடுத்த தெரிவுக்குப் போகும் என்பதால் குழப்பத்துக்கே இடமில்லை.

இதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது ஔகாரம். எங்கள் பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே குறியீடு. கல்யாணப் பத்திரிகையில் 'சௌபாக்கியவதி' வராத அட்டை உண்டா? சௌந்தரராஜன், கௌரி, கௌசல்யா என்று பெயர்களும் நிறைய. அதே நேரம் 'வெள்ளிக்கிழமை', 'தெளிவு', 'வெளியூர்' ஆகியவையும் வரும். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: கொம்பு, ஒரு மெய், ளகர வடிவம். வேறுபாடு அதற்கு அடுத்து வருவதில் இருக்கிறது. ளகரத்தின் பின்னால் புள்ளியோ இகரம் போன்ற குறியோ வந்தால் அது உண்மையான ளகரம். எதுவும் வராவிட்டால் அது ஔகாரம். "இதன்பின் இது வரக்கூடாது" என்று முன்னோக்கிப் பார்க்கும் விதி பெக்கில் ஒரே சொல். அதைச் சேர்த்ததும் 'சௌபாக்கியவதி' சௌபாக்கியவதியாகவே வந்தாள், வெள்ளிக்கிழமையும் கெடவில்லை. புரூஃப் பார்க்கும் அக்கா முன்பு ஒவ்வோர் அட்டையிலும் இந்த இடங்களைச் சிவப்புப் பேனாவால் சுழித்துத் தருவார். இப்போது அந்தச் சுழிகள் இல்லை.

ஜேனெட்டைப் பற்றி எழுதுபவர்கள் குறையாகச் சொல்லும் ஒன்றை நான் நிறையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதன் சரங்கள், அதாவது உரைத் தரவு, வெறும் பைட் வரிசைகள். யூனிகோடு என்றால் என்னவென்று மொழியின் மையத்துக்குத் தெரியாது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்கிறது. யூனிகோடு கணக்கில் 5, நம் கணக்கில் 3. புதிதாக வருபவருக்கு இது அதிர்ச்சிதான். ஆனால் பழைய கோப்புகளைத் திறக்கும்போது இதுவே வரம். பைத்தான் போன்ற மொழிகளில் ஒரு கோப்பை உரையாகத் திறந்தால் அதன் குறியீட்டு முறை எது என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே ஒன்றை வைத்துக்கொள்ளும், பொருந்தாத பைட் வந்தால் பிழை காட்டி நின்றுவிடும். பைட்டுகளாகத் திறக்க வழி உண்டு, ஆனால் அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஜேனெட் எதையும் கேட்பதில்லை. கொடுத்த பைட்டை அப்படியே தருகிறது. கோப்பை மொத்தமாகப் படிக்கும், எழுதும் செயல்பாடுகள் பைனரி முறையிலேயே இயங்குவதால், விண்டோஸ் தன் வழக்கப்படி வரி முடிவுகளைத் தானாக மாற்றிவிடும் தொல்லையும் இல்லை. மூன்று இயங்குதளங்களிலும் ஒரே கோப்பு ஒரே பைட்டுகளாகத்தான் கிடைக்கிறது. கோப்புக்குள்ளேயே இருக்கும் விண்டோஸ் வரி முடிவுக்கு மட்டும் இலக்கணத்தில் ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

யூனிகோடு பக்கம் வந்த பிறகு அந்த 15ஐ 3 ஆக்கும் பொறுப்பு நம்முடையது. அதற்கான நூலகத்தை நானே எழுதினேன், இன்றும் மெருகேற்றிக்கொண்டிருக்கிறேன். யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. இவ்வளவு ஒழுங்கான அமைப்பு என்பதால் உயிர், மெய், குறி, புள்ளி ஆகியவற்றை பெக் விதிகளாக எழுதுவது எளிது. சிக்கல் வருவது 'ஸ்ரீ'யில். வாசிப்பவருக்கு அது ஓர் எழுத்து. உள்ளே நான்கு குறியீடுகள், 12 பைட்டுகள். அதோடு 2005இல் யூனிகோடு 4.1 'ஶ' எழுத்தைச் சேர்த்த பிறகு 'ஶ்ரீ' என்றும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகவே அச்சாகின்றன. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. கோவில் நோட்டீஸ்களைத் தேடும் எங்களுக்கு இது பெரிய இடைஞ்சல். 'கொ'வின் ஒகரத்தையும் ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் எழுதலாம், அதுவும் கண்ணுக்குத் தெரியாது. இவற்றை ஒருமைப்படுத்தும் வசதி ஜேனெட்டின் மையத்தில் இல்லை. என் நூலகத்தில் இரண்டு விதிகளாகச் சேர்த்தேன். இருந்தாலும் இது மொழியோடு வர வேண்டிய ஒன்று. நம் மொழிக்கு மட்டுமல்ல, இந்தியாவின் எந்த மொழிக்கும் இது இல்லாமல் தீராது.

அகரவரிசையும் அப்படித்தான். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை பெரும்பாலான நிரல்மொழிகளின் இயல்பான வரிசைப்படுத்தலுக்குக் கொடுத்தால் அகல்யா, அகிலா, அக்கம்மாள் என்றுதான் தரும். யூனிகோட்டில் புள்ளியின் எண் மற்ற குறிகளுக்குப் பின்னால் இருப்பதே காரணம். நம் அகராதி வரிசையில் அக்கம்மாள்தான் முதலில் வர வேண்டும். னகரம் நகரத்தை அடுத்து உட்கார்ந்திருப்பதால் மனோகரன் மயில்சாமியை முந்திவிடுகிறார். ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே நுழைந்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பட்டியலில் தங்கள் பெயரைத் தேடிக் கிடைக்காமல் கோபத்தோடு திரும்பி வருவது எங்கள் கடையில் நடக்கும் சங்கதி. ஒவ்வோர் எழுத்துக்கும் மெய்க்கு ஒரு பைட், உயிருக்கு ஒரு பைட் என்று ஒரு திறவுச் சரத்தை உருவாக்கி, அதை வைத்து வரிசைப்படுத்தினேன். ஜேனெட் சரங்களைப் பைட் பைட்டாக ஒப்பிடுவதால் வேறு எதுவும் தேவைப்படவில்லை. கடைசியாக அச்சடித்த பட்டியலைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி, எங்கள் முதலாளி, "இதை எல்லாச் சங்கத்துக்கும் செய்து கொடுத்துவிடும்மா" என்றார்.

தமிழில் பெயர் வைக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஜேனெட்டின் சொற்களில் யூடிஎஃப்-8 எழுத்துகள் அனைத்துக்கும் இடமுண்டு. என் இலக்கணத்தில் விதிகளுக்கு கொம்பு, மெய், கால், புள்ளி என்றே பெயர். இதனால் தட்டச்சு செய்யும் அக்காவே அட்டவணையைத் திறந்து, விடுபட்ட ஒரு குறியீட்டைச் சேர்த்துவிட முடிகிறது. நிரல் தெரியாதவர் திருத்த முடிகிற நிரல் என்றால் அதற்குக் கடையில் மதிப்பே வேறு.

விண்டோஸைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். மொழி அங்கே நன்றாக ஓடுகிறது, சுற்றியிருப்பவைதான் சிரமம். கட்டளை தட்டும் முனையத்தின் குறியீட்டுப் பக்கத்தை யூடிஎஃப்-8ஐக் குறிக்கும் 65001க்கு மாற்றாவிட்டால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தலையில் மூன்று பைட்டுகளை ஒட்டிவிடும். அவற்றை ஜேனெட் முதல் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு சொல்லே தெரியாது என்று நின்றுவிடும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் அதை ஒட்டுவதில்லை. அதற்கு முந்தைய கணினி இருந்தால் வேறு எடிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைவிடப் பெரிய குறை, சி மொழியில் எழுதிய துணை நூலகங்களைச் சேர்ப்பது. விண்டோஸில் அதற்கு விஷுவல் ஸ்டுடியோவின் கம்பைலர் கருவிகளை நிறுவ வேண்டும். ஒரு மெகாபைட் மொழிக்காகப் பல கிகாபைட் கருவிகள்! அச்சகத்தின் தட்டச்சுக் கணினியில் அதற்கு இடமும் இல்லை, அவசியமும் இல்லை. ஆகவே ஒரு முடிவெடுத்தேன்: என் நூலகத்தில் சி மொழி ஒரு வரி கூட இருக்காது, எல்லாம் ஜேனெட்டிலேயே. வேகம் குறைகிறதா என்றால், நாங்கள் கையாளும் கோப்புகளுக்கு அந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியவில்லை.

கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு லினக்ஸில் உண்டு, விண்டோஸில் இல்லை, மேக்கிலும் இயல்பாக இல்லை. எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது. பிடிஎஃப் உருவாக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்டுக்கு விண்டோஸில் ஒரு பெயர், மற்றவற்றில் வேறு பெயர். எந்த இயங்குதளத்தில் ஓடுகிறோம் என்று ஜேனெட்டிடம் ஒரு வார்த்தையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதை வைத்து ஒரு சிறு அட்டவணை எழுதிக்கொண்டால் மேலே இருக்கும் ஸ்கிரிப்டுக்கு வேறுபாடே தெரியாது. ஸ்போர்க் என்ற துணைத் தொகுப்பில் பாதைகளைக் கையாளும் பகுதியும் இருக்கிறது, அது இரண்டு வகைச் சாய்கோடுகளையும் அறிந்தது.

பிழைச்செய்திகளுக்கு நடுத்தர மதிப்பெண்தான். அடைப்புக்குறி மூடாமல் விட்டால் எந்த வரியில் திறந்தது என்று சொல்லிவிடுகிறது, நல்லது. ஆனால் ஒரு பெரிய பெக் இலக்கணம் பொருந்தாமல் போனால் கிடைப்பது வெறும் 'இல்லை' என்ற விடை. எந்த இடத்தில், எந்த விதியில் தடுக்கியது என்று அதுவாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு விதியையும் தனித்தனியாக ரெப்பிளில் சோதித்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். நான் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்திலேயே ஓர் அச்சடித்த அட்டையிலிருந்து எடுத்த சொல்லை எடுத்துக்காட்டாக வைத்து, திருத்தம் செய்யும்போதெல்லாம் எல்லாச் சொற்களையும் ஓடவிடுகிறேன். இணையத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் கூட்டம் சிறியது. ஆங்கில ஆவணங்கள் தெளிவாக இருக்கின்றன, ரெப்பிளுக்குள்ளேயே எந்தச் செயல்பாட்டின் விளக்கத்தையும் படிக்கலாம் என்பதால் சமாளிக்க முடிகிறது.

எண்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜேனெட்டின் இயல்பான எண்கள் எல்லாம் மிதவைப் புள்ளி வகையைச் சேர்ந்தவை, பல பின்னங்களைத் தோராயமாகத்தான் வைத்திருக்கும். பில் தொகையை ரூபாயாக வைத்துக் கூட்டினால் பைசாவில் இடறலாம். பைசாவாகவே வைத்துக் கூட்டி, அச்சிடும்போது ரூபாயாக்குங்கள். நிபந்தனை சோதிக்கும்போது பூஜ்யத்தையும் வெற்றுச் சரத்தையும் இந்த மொழி 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள், வேறு மொழிகளிலிருந்து வருபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

டேப் முறைக்கும் எங்கள் பழைய எழுத்துருவுக்கும் என் இலக்கணம் இப்போது முழுமையாக வேலை செய்கிறது. டிஸ்கிக்கான அட்டவணையில் கிரந்த எழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் உகர, ஊகார வரிசைகளுக்குத் தனித்தனிக் குறியீடுகள் இருப்பதால் அட்டவணை நீளமானது, ஆனால் விதிகள் அதேதான். பழைய டிஸ்கி கோப்புகள் வைத்திருக்கும் அச்சகங்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும். உங்கள் கோப்பில் கிரந்தம் கலந்த ஒரு பக்கம் இருந்தால், சோதனைக்கு அது எனக்கு மிகவும் உதவும்.